பெயர் வெட்டாத டப்பா

4-7-1994, திங்கள்

இன்றும் டப்பா அப்படியே வீடு திரும்பியது. திறந்தால் முட்டைக்கோஸ் வீச்சம் குப்பென்று முகத்தில் அடிக்கிறது. காலையில் மணத்த அதே பொரியல்தான். பகல் முழுக்க மூடிக் கிடந்தால் எதுதான் நாறாது?

பள்ளிக்கூடத்தில் மதியம் மூன்று டீச்சருக்கும் ஒரே மேஜை. அவரவர் பொரியலை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளே கீதா சொன்ன வழக்கம் இது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. என் டப்பாவில் இதுவரை ஒருத்தர் கரண்டியும் விழவில்லை.

“கோஸு எனக்கு வாயு கண்ணு,” என்கிறார் செல்லாத்தாள் டீச்சர். போன வாரம் பீன்ஸும் வாயு. அதற்கு முந்தின வாரம் பீட்ரூட்டும் வாயு!

6-7, புதன்

சேர்ந்த புதிதில் செல்லாத்தாள் டீச்சர் என் ஊரைக் கேட்டு, கிணத்துக்கடவில் எந்தத் தெரு என்றும் கேட்டார், சொன்னேன். என் அப்பா அவர் அண்ணன் தோப்பில் பண்ணையத்தில் கூலியாக இருந்தவர் என்பதும் தெரிந்துபோயிற்று. அன்றைக்குப் பிடித்ததுதான் அந்த வாயு.

திட்டினால் திருப்பித் திட்டலாம். கண்ணு, கண்ணு என்று கொஞ்சிக்கொண்டே ஒதுக்குகிறவரை என்ன செய்வது? சீ.

7-7, வியாழன்

ஐந்து மணிக்கே எழுந்து நூல் மாதிரி அரிந்தேன். கடுகு, உளுந்தம்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. மூடாமல் வதக்கி, கடைசியில் அரைமூடித் தேங்காய். என் வீட்டுக்காரர் சாமுவேல் எட்டிப் பார்த்தார்.

“ஏனம்மணி, ஆருக்கு இத்தனை தேங்கா?”

தேங்காயைக் கூட்டினால் சாதி கரைந்துவிடும் என்று நினைத்தேனா? அவர்களைவிட என்னை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

8-7, வெள்ளி

நேற்றும் யாரும் தொடவில்லை, இன்றும் தொடவில்லை.

12-7, செவ்வாய்

பழைய டப்பா மூடி நெளிந்துவிட்டதால் இன்று புதுசு. இன்னும் பெயர் வெட்டவில்லை. மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் செல்லாத்தாள் டீச்சர் அதிலிருந்து இரண்டாவது கரண்டி எடுக்கிறார்!

“கீதா, உன்ர மாமியா கைப்பக்குவமே தனி. கோஸுன்னா இப்படி இருக்கோணும்.”

“என்ர டப்பா இன்னும் பைக்குள்ளதானுங்க இருக்குது டீச்சர்.”

“அது என்னுதுங்க டீச்சர். புதுசு, பேர் வெட்டலீங்க,” என்றேன்.

அவர் வாயில் இருந்ததை விழுங்கவில்லை. எழுந்து வராந்தாக் குழாய்க்குப் போனார். விரலை விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கொப்பளித்த சத்தம் உள்ளே வரை கேட்டது. திரும்பி வந்து, “ஒண்ணுமில்ல கண்ணு, மொளகா கொஞ்சம் தூக்கல்,” என்று சிரித்தார்.

அவர் துப்பினதைக்கூடப் பொறுத்துக்கலாம் — அந்தச் சிரிப்பு, அய்யோ, அதை எப்படிங்க பொறுத்துக்கறது?

16-7, சனி

பாத்திரக் கடையில் பெயர் வெட்டி வாங்கினேன். ‘கிருபா’. மூடியிலும் வெட்டச் சொன்னேன், பெரிதாக.

18-7, திங்கள்

டப்பாவை நடுவில் வைக்கவில்லை. என் முன்னால் வைத்துத் திறந்தேன். செல்லாத்தாள் டீச்சர் தன்னுடையதை என் பக்கம் தள்ளினார். “அவரக்காப் பொரியல். எடுத்துக்க கண்ணு.”

“வேண்டாங்க டீச்சர். எனக்கு வாயுங்க.”

கீதா தலையைக் குனிந்துகொண்டாள். நான் நிதானமாகச் சாப்பிட்டேன். தேங்காய் தாராளமாகத்தான் போட்டிருந்தேன்.

சாயங்காலம் சாமுவேல் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “அட, காலி! எல்லாருமாத் தின்னுபோட்டாங்களா?” என்றார்.

“நான் தின்னுபோட்டேன்,” என்றேன்.