மீட்டரில் சிவப்பு விளக்கு

ஐப்பசி 10, செவ்வாய்
தூறல். கடல் காற்று. துணி காயவில்லை. எங்கள் வீட்டு ஃபேன் பேய் மாதிரி சுற்றுகிறது, டியூப்லைட் கண் கூசுகிறது. பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவுக்கோ பல்பு மங்கல். வாசல் மீட்டரில் சிவப்பு விளக்கு. 'ஓவர் வோல்டேஜ்' என்று வந்து வந்து மறைகிறது.

லைன்மேன் மணிக்கு ஃபோன். "நியூட்ரல் ஒயரு வுட்டுகினு கீதுக்கா. உப்புக் காத்துல அரிச்சிருக்கும். உன் வூட்டுக்கு கரண்ட் ஜாஸ்தியா வருது. மெயின ஆஃப் பண்ணு. மழ நின்னதும் வர்றேன்."

மெயினை அணைத்தால் இவருக்கு மூச்சு? நுரையீரல் போனதிலிருந்து ஆக்சிஜன் மெஷின்தானே.

இவரே கட்டிலிலிருந்து சொன்னார்: "அணைச்சிடு புள்ள. மெஷினு எரிஞ்சா இன்னா பண்ணுவ? சிலிண்டர் கீதுல்ல."

அணைத்தேன். சின்ன சிலிண்டரை மாட்டினேன். சதுரங்கப்பட்டினம் முழுக்க மழை.

புதன்
மணி வந்தான். கம்பத்தில் ஏறி முறுக்கிவிட்டான். "இது தற்காலிகந்தான். புது ஒயரு வரணும். சிவப்பு எரிஞ்சா மொதல்ல மெயினு, அப்பால எனக்கு ஃபோனு." மெஷின் மறுபடி ஓடியது. இவர் முகம் தெளிந்தது. சங்கரா மீன் குழம்பு வேண்டுமாம்.

வெள்ளி
நேற்று எழுத முடியவில்லை. மீன் வாங்கித் திரும்பினால் வீடெல்லாம் கருகல் நாற்றம். மெஷின் தீய்ந்துவிட்டது. இவர் வாசலில், மெயின் சுவிட்சுக்குக் கீழே. தானே எழுந்து வந்து அணைத்திருக்கிறார். உதடு நீலம். சிலிண்டரிலும் கொஞ்சம்தான் மிச்சம்.

ஆம்புலன்ஸ். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. போகும்போது முகமூடியை விலக்கிச் சொன்னார்: "மீனு கெட்டுடும். பிலோமினாகிட்ட குடுத்துடு."
பெரிய வார்டு. பேச்சு இல்லை. கையைப் பிடித்தால் மட்டும் அழுத்துகிறார்.

ஞாயிறு
விடியும்போது போய்விட்டார்.

ஐப்பசி 29, ஞாயிறு
வெயில். மணி இத்தனை நாளும் மதுராந்தகத்தில் வேலையாம். இன்று வந்து புது ஒயர் இழுத்தான். மீட்டரைப் பார்த்தான். "கரெக்டா கீதுக்கா. இனிமே பயமில்ல. அண்ணாத்தைக்கு மெஷின போடு."
அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல. டீ போட உள்ளே போனேன். வெளியே பிலோமினா அக்கா குரல், தணிவாக.
டம்ளரோடு வந்தால், ஏணிக்கடியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.
"குடிடா," என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.