ஓர் எழுத்து குறைந்த ஏச்சு

தோஹா

அன்பு வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஹோட்டல் சலவைப் பகுதியில் ஒரு வேடிக்கை. துணிகள் மாறியதற்கு மேற்பார்வையாளர் பலகையில் என் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் 'இடியட்' என்று எழுதினார். அதில் இரண்டாவது 'ஐ' எழுத்தை விட்டுவிட்டார். என்னோடு வேலை செய்யும் பேசாலை ஊர் றஞ்சிதம் அக்கா, ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர், எல்லோர் முன்னாலும் அந்த எழுத்தைச் சேர்த்து அவருக்கு உச்சரித்தும் காட்டினார். பிறகு என்னிடம், "அழாத பிள்ள. கிரேக்கத்தில முதல்ல இது ஏச்சே இல்ல. ஊர்ப்பொறுப்பு எடுக்காமத் தன்ர பாட்டில இருக்கிற ஆளத்தான் அப்பிடிச் சொன்னவை" என்றார். மேற்பார்வையாளர் பலகையைத் துடைத்தார். அக்காவுக்கு என்ன துணிச்சல், வாப்பா! நான் பெரிதாக அழவில்லை.

இங்கிருந்து ஊருக்கு லீவில் வந்திருக்கும் ஷிராஸ் நானாவிடம் கருவாடும் உங்கள் கையெழுத்தில் நாலு வரியும் கொடுத்துவிடுங்கோ. போனில் பேசினால் வைத்ததும் முடிந்துவிடுகிறது.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

மகள் நுஸ்ரியா