பத்து இலட்சத்து ஒன்று

5 மார்ச் 1934, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
பல்வலி. மனைவி சீதாலெட்சுமி கிராம்பு வைத்துவிட்டாள். எனக்கு பென்ஷன் வந்ததும் என் பற்களும் வேலையை விடுகின்றன.

மாலை கோயில் கூட்டம். பங்குனி உத்திரத்துக்குள் ஊர் கூடி முருகனுக்குப் பத்து இலட்சம் போற்றி சொல்வதாக முடிவு. தலைவர் சபாபதி, "சைபர்ல முடிஞ்சா நல்லா இல்லலா, ஒன்னு சேத்துக்குங்க" என்றார். மொய் எழுதிப் பழகிய கை. முருகன் எண்ணியா பார்க்கப் போகிறார்? கேட்டிருப்பேன், பல் விடவில்லை.

ஆக 10,00,001. கோயிலின் ஏழு குழுக்களுக்கும் சமமாகப் பிரித்துத் தருவது, கணக்கு வாத்தியாராக இருந்த என் வேலை.

7 மார்ச்
ஏழில் வகுத்தால் மீதி இரண்டு. ஏன்? நம் எண் 9,99,999-ஐவிட இரண்டு அதிகம். அந்த ஆறு ஒன்பதும் 3, 7, 11, 13, 37 எதற்கும் சமர்த்தாக வகுபடும். எனவே நம்முடையதில் ஒவ்வொரு முறையும் இரண்டு மிஞ்சும். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகும் எழுந்திருக்காத இரண்டு பேரைப்போல.

9 மார்ச்
ரயில்வே பட்டறைக் குழுவின் ரெங்கசாமி, "அந்த ரெண்டையும் நாங்க சொல்லிக்கிறோம்" என்றார். கூடச் சொல்லும் குழுவுக்குத்தானே முதல் மாலை! பாசார் வியாபாரிகள் எகிறினார்கள்.

"அப்ப நாங்க தனியா கோயில் கட்டிக்கிறோம்லா!"

நான் எழுந்தேன். "குழு எண்ணிக்கையை மாத்துங்க, மீதியில்லாம பிரிச்சுத் தரேன். முடியலன்னா மீசையை எடுத்துடுறேன்."

ஏன் சொன்னேன்? யார் கேட்டது என் மீசையை?

சீதாலெட்சுமி: "எடுங்க. சாம்பாராவது மிச்சமாகும்."

14 மார்ச்
97 வரை எல்லாப் பகா எண்களையும் பார்த்தாயிற்று. ஒன்றிலும் வகுபடவில்லை. முடிவெட்டும் நாகையா வழியில் நிறுத்தி, "எப்ப வரட்டும் மாஸ்டர்?" என்கிறான். சிரிப்பு வேறு.

15 மார்ச்
அட மடையா — 101! நூற்றொன்றுக்கு நூறு ஒன்றுதான் குறைவு. ஆகவே எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும். 01, 00, 00, 01. முதல் ஒன்றைக் கடைசி ஒன்று தின்றுவிட்டது. சைபர்!

குழுக்களே வேண்டாம். 101 குடும்பங்கள், குடும்பத்துக்கு 9901. இரண்டுமே ஒன்றில் முடிகின்றன. சபாபதி என்னைக் கட்டிக்கொண்டார்.

19 மார்ச்
"நூறு குடும்பம் சேந்துச்சு மாஸ்டர். ஒன்னு குறையுது" என்றார் ரெங்கசாமி. சபாபதியும் அவரும் என் மீசையையே பார்த்தார்கள். நானோ வடைக்காக மட்டும் கோயிலுக்குப் போகிறவன்.

31 மார்ச்
நேற்று உத்திரம். எல்லாரும் சமம் என்பதால் முதல் மாலை முருகனுக்கே போயிற்று. சண்டை இல்லை. எனக்குத் தொண்டையும் இல்லை.

நூற்றொன்றாவது குடும்பம் நாங்கள்தான். எங்கள் பங்கான 9901 பகா எண். எத்தனை பேர் உட்கார்ந்தாலும் சமமாகப் பிரியாது. நான் 4950, சீதாலெட்சுமி 4951.

கூடச் சொன்னவர்க்குத்தான் முதல் மரியாதை. இன்று காலை முதல் காப்பி அவளுக்கு. நான்தான் கலக்கினேன்.

"சர்க்கரை கம்மி" என்றாள். மீசையில் நுரையோடு இன்னொரு கரண்டி போட்டேன்.