இரண்டாவது பொருள்

திருவனந்தபுரம்
3-11-1951

அன்புள்ள வடிவுக்கு,

நான் நலம். அங்கு மாமா, மாமி, நீ எல்லோரும் நலந்தானே? பெரியவர்கள் தாம்பூலம் மாற்றிக்கொண்டாலும், உனக்குச் சம்மதமா என்று நான் தனியாக ஆங்கிலத்தில் கேட்டிருந்தேன். நீயும் ஆங்கிலத்திலேயே ஒரு வரி பதில் எழுதினாய். அதில் 'ஃபெயின்' (fain) என்று ஒரு பழஞ்சொல். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவன் நான், இருந்தும் அகராதியைப் புரட்டினேன். முதல் பொருள், 'மனமகிழ்ந்து'. அதன் கீழே இன்னொன்று: 'வேறு வழியில்லாததால் இசைந்து'. நீ எதை நினைத்து எழுதினாய்? எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

உன் அத்தான்
ஆறுமுகப்பெருமாள்

பூதப்பாண்டி
8-11-1951

அன்புள்ள அத்தானுக்கு வடிவாம்பாள் வணக்கமாய் எழுதுவது.

முதல் பொருள்தான். பழைய ஆங்கிலப் பாட்டுகளில் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். வெறும் 'சரி' என்று எழுத மனம் வரவில்லை, அதனால் அழகான சொல்லாகத் தேடிப் போட்டேன். வாத்தியாருக்குக் கடிதம் எழுதினால் திருத்தித்தான் வரும் என்று தெரியாமல் போயிற்று. இங்கே கும்பப்பூ நெல் நடவு, அப்பாவுக்கு நிற்க நேரமில்லை. கூறைப்புடவைக்கு என்ன நிறம் என்று அம்மா கேட்கிறாள். அதற்கு ஒரு வரி எழுதக்கூடாதா?

உங்கள்
வடிவு

திருவனந்தபுரம்
15-11-1951

வடிவுக்கு,

உன் பதில் கிடைத்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. கூட வேலை பார்க்கும் ஞானதாசன் சாரிடம் கேட்டேன். குடையில்லாதவன் மழைக்கு வாழையிலையைப் பிடிக்க 'ஃபெயின்' ஆனான் என்பதுபோலத்தான் உரைநடையில் அதிகம் வருமாம். அப்படியென்றால் எனக்கு முன் வந்த தென்காசி டாக்டர் வரன் குடை, நான் வாழையிலையா? அது தட்டிப்போனதால்தானே என்னிடம் வந்தார்கள்? சுசீந்திரம் சன்னதியில் நின்று சத்தியம் செய்து, உள்ளதை எழுது.

ஆறுமுகப்பெருமாள்

பூதப்பாண்டி
22-11-1951

அத்தானுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். "ஏட்டி, அவன் கடுதாசி வந்தா சிரிச்சிட்டுல்லா வாசிப்ப, இப்பம் என்னட்டி?" என்று அம்மா கேட்டாள். என்ன சொல்வேன்?

அந்தக் காலத்தில் சுசீந்திரத்தில் சத்தியத்தை நிரூபிக்கக் கொதிக்கும் நெய்யில் கையை விடச் சொல்வார்களாம். நீங்கள் அதை மட்டுந்தான் கேட்கவில்லை.

தென்காசி வரன் தட்டிப்போகவில்லை. அத்தானைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து நான்தான் கலைத்தேன். அகராதியைக் கேட்டீர்கள், ஞானதாசன் சாரைக் கேட்டீர்கள். நான் சொன்னதை மட்டும் நம்பவில்லை.

எழுதியபோது அந்தச் சொல்லுக்கு முதல் பொருள்தான். உங்கள் கடிதம் வந்தபிறகு, இனி உங்களுக்குக் கழுத்தை நீட்டினால் அது இரண்டாவதாகிவிடும். அதற்கு நான் இசையமாட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து தாம்பூலத்தைத் திருப்பித் தருவார். அத்தையிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள்.

வடிவாம்பாள்