இடப்பக்கம் மட்டும் வெட்டிய தலை

அன்பு மகள் காரிஸாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவால் இங்கே நாங்கள் நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் அலாஸ்காவின் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன். அங்கே இப்போதே நாலு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறதாமே, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வேலை பாதியில் இருக்கும்போதே ஓய்வுநாள் தொடங்கிவிடுமே, எப்படிச் சமாளிக்கிறாய் என்று எழுது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் பதினெட்டாம் தேதி புதன்கிழமை உன் அம்மா ஐம்பத்துமூன்று வயதில் முடிதிருத்தும் உரிமத்துக்குப் பரீட்சை எழுதப் போகிறாள். சிரிக்காதே. ஓர்லீன் சித்தி இதை உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பாள், ஆனால் அவள் எதைச் சொன்னாலும் நடுவில் அவள்தான் நிற்பாள், அதனால் நானும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முழுதாக யாரும் உனக்குச் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் உரிமம் கொடுக்கும் மாநில வாரியம் செய்முறைப் பரீட்சையைச் சனிக்கிழமைதான் வைக்கும், அன்றைக்குத்தான் பள்ளிக்கூட மண்டபம் காலியாக இருக்குமாம். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி மாலைவரை நமக்கு ஓய்வுநாள், வேலை எதையும் தொடக்கூடாது, அதனால் நம் சபையில் யாரும் போக முடியாது. நான் மூன்று கடிதம் போட்டுக் கெஞ்சியபின், டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எனக்கு மட்டும் வைப்பதாகப் பதில் வந்தது. சூரியன் மறைவது நாலு ஐம்பத்திரண்டுக்கு, நேரம் தாராளம் என்று நினைத்தேன். வெட்டிக்காட்டத் தலை கொடுக்க ஓர்லீனை அழைத்துப் போனேன், அவளுக்கு அப்போது பத்தொன்பது. பரீட்சை நடத்தும் அம்மாள், கார் பனியில் மாட்டிக்கொண்டதால், மூன்று மணிக்குத்தான் வந்தாள். அப்புறம் படிவம், கை கழுவுவது, கருவிகளைக் கிருமி நீக்குவது எல்லாம் முடிந்து கத்தரியை எடுக்கவே நாலு தாண்டிவிட்டது. இடப்பக்கம் காதுவரை அழகாக வெட்டி முடித்தேன். ஜன்னலைப் பார்த்தால் வெளிச்சம் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. கத்தரியைத் துடைத்து வைத்துவிட்டு, மன்னிக்கவேண்டும் அம்மா, என் நேரம் முடிந்தது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். ஓர்லீனுக்கு இடப்பக்கம் காதுவரை, வலப்பக்கம் தோள்வரை. மறுநாள் ஓய்வுநாள், அன்றைக்கு யாரும் கத்தரியைத் தொடமாட்டார்கள். அவள் அப்படியே சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாலிபர்கள் எல்லாரும் பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்தார்கள். போதகர் மட்டும்தான் சிரிக்கவில்லை, அவருக்குக் கண் சரியில்லை.

அவளுக்கு அன்றைக்கே சபைமேல் மனம் விட்டுப்போனது. அடுத்த ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் போய்ப் பரீட்சை எழுதி ஒரே முறையில் உரிமம் வாங்கி வந்துவிட்டாள். ரயில்வே தெருவில் கடை வைத்தாள். எனக்கு வாரியம் இன்னொரு நாள் கொடுக்கவே இல்லை. உரிமம் இல்லாதவர்கள் தலை அலசலாம், தரை கூட்டலாம், துண்டு துவைக்கலாம், அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமாக நான் அதைத்தான் அவள் கடையில் செய்தேன். என் விரல் தலையில் பட்டதும் கண்ணை மூடித் தூங்கும் பெண்கள், முடி வெட்டியதும் எழுந்து கண்ணாடியைப் பார்த்து, ஓர்லீன், உன் கை மாதிரி வராது என்பார்கள். எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வரும். அப்புறம் பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் சபைக்குத் திரும்பி வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா, எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஞானஸ்நானத்துக்குப் பிறகு விருந்து வைத்தார்கள், வால்நட் ரொட்டி மூன்று நான்தான் சுட்டேன். ஒருநாளும் எங்கேயும் போகாத எனக்கு யாரும் விருந்து வைக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டேதான் பரிமாறினேன், காரிஸா, ஆனால் அவள் தட்டில் போட்ட துண்டு சின்னது. இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

போன பிப்ரவரியில் மாநிலத் தலைநகரில் அந்த மசோதா விசாரணைக்கு வந்தது. உரிமம் கொடுக்கும் எந்த வாரியமும், விசுவாசம் காரணமாக ஒரு நாளில் வரமுடியாதவருக்கு வேறு நாள் கொடுக்கவேண்டும், பொதுமக்களுக்கு ஆபத்து வரும் என்று காட்டினால் ஒழிய மறுக்கக்கூடாது என்று மசோதா. சபையிலிருந்து ஒருவர் பேசவேண்டும் என்றார்கள். என் கதை, என் தலையெழுத்து, நான் பேசுவேன் என்று நினைத்திருந்தேன். போதகர் ஹஸ்கெல் என்னிடம் வந்து மெதுவாக, லுவெல்லா, நீ கூட்டத்தைப் பார்த்தால் திக்குவாயே, ஓர்லீனுக்கு உரிமமும் இருக்கிறது, வாயும் இருக்கிறது என்றார். சரி ஐயா என்றேன். வீட்டுக்கு வந்து பானை பாத்திரங்களை எல்லாம் தேவைக்கு அதிகமாகச் சத்தம்போட்டுக் கழுவினேன். கதையைக்கூட அவளுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, அவள் கவனிக்கவுமில்லை.

விசாரணை அன்று நல்ல கூட்டம். சட்டசபைக் குழுவில் ஒருவர், பார்க்க நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே ஒரு நாளைக்காகக் கடவுள் கோபித்துக்கொள்வாரா, ஒவ்வொருவருக்கும் ஒரு கிழமை என்று மாற்றினால் வாரியம் என்ன ஆவது என்று கேட்டார். இன்னொருவர், கத்தி பிடிக்கிற தொழில், நாளைக்கு ஒருத்தர் வந்து கை கழுவ எங்கள் மதத்தில் இடமில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்றார். அது நியாயமான கேள்விதான் என்று எனக்கே பட்டது. ஓர்லீன் எழுந்தாள். நீலச் சட்டை, முடி அப்படி அமைந்திருந்தது. எழுதி எடுத்துப்போன தாளைப் பார்க்கவே இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஐயா, கை கழுவமாட்டேன்னா உரிமம் குடுக்காதீங்க. எங்க அக்கா கழுவினா. அவ கத்தரி பிடிக்கிறதுல ஒரு குறையும் இல்ல, கிழமைதான் குறை. நான் சனிக்கிழமை போனேன், எனக்குக் குடுத்தீங்க. அவ போகலை, இருபத்தேழு வருஷமா என் கடையில தலை அலசுறா. எங்க ரெண்டு பேர்ல கைத்திறமை அவளுக்குத்தான். நீங்க எங்க கையைச் சோதிக்கலை, யாரு விசுவாசத்தை விடுவாங்கன்னு சோதிச்சீங்க. அந்தப் பரீட்சையிலதான் நான் பாஸானேன்."

 எனக்குக் கண் நிறைந்தது, ஆனால் பெற்ற மகளிடம் ஏன் பொய், அதோடு சேர்ந்து வயிறும் எரிந்தது. இவ்வளவு நன்றாக அவள் ஏன் பேசவேண்டும்? அப்போது குழுத் தலைவர் அம்மா என்னைப் பார்த்து, நீங்கள்தானே அக்கா, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். போதகர் வேண்டாம் என்பதுபோல் என் கையைத் தொட்டார். நான் எழுந்துவிட்டேன். மாநிலத்துக்காக இல்லை, சபைக்காகவும் இல்லை, அவள் மட்டும் பேசிவிட்டாளே என்றுதான் எழுந்தேன். திக்கித் திக்கித்தான் வந்தது.

"நான் சந்தோஷமா விட்டுக்குடுத்தேன்னு எங்க சபையில எல்லாரும் சொல்வாங்க. இல்லங்க. தினமும் வயிறெரிஞ்சுக்கிட்டுதான் இருந்தேன், கூடப்பிறந்தவமேலயே. கடவுள் ஒரு நாளைத்தான் கேட்டார், குடுத்தேன். மீதி ஆறு நாளையும் எடுத்துக்கிட்டது நீங்க."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உட்காரும்போது நாற்காலி எங்கே என்று தெரியாமல் போதகர் மடியில் பாதி உட்கார்ந்தேன். ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. முதலில் கேலி பேசினாரே, அவரும் ஆதரவாகத்தான் கை தூக்கினார் என்று சொன்னார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில் நாங்கள் இரண்டு பேர்தான்.  என் வயிற்றெரிச்சலை ஊரறியச் சொல்லிவிட்டேனே, இனி கடைக்கு எப்படிப் போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஓர்லீன் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள், "நீ அன்னிக்குக் கத்தரியை வெச்சுட்டுப் போனப்ப, நான் பாதித் தலையோட கண்ணாடி முன்னால உக்காந்திருந்தேன். எல்லாரும் நினைக்கிற மாதிரி முடிக்காகக் கோவப்படலை, லூ. என்னால அப்படி எழுந்து போக முடியாதுன்னு தெரிஞ்சுச்சு. அந்தப் பொறாமை இன்னிக்கு வரைக்கும் போகலை. உன்னைக் கடையில வெச்சுக்கிட்டதே, நீ பக்கத்துல இருந்தா எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கும்னுதான்."

இதைக் கேட்டதும் என் மனம் குளிர்ந்திருக்கவேண்டும் அல்லவா? வேறு யாராக இருந்தாலும் காரை நிறுத்தச் சொல்லிக் கட்டிப்பிடித்திருப்பார்கள். எனக்கு முதலில் தோன்றியது, பார், பொறாமையில்கூட இவளுக்கு மேலானது கிடைத்திருக்கிறது, நான் கத்தரிக்கும் கண்ணாடிக்கும் பொறாமைப்பட்டேன், இவள் என் விசுவாசத்துக்குப் பொறாமைப்பட்டிருக்கிறாள் என்பதுதான். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கார் பனித்திட்டில் ஏறி இறங்கியது. நானும் சிரித்தேன். அழவும் செய்தேன், ஆனால் அதை அவளிடம் சொல்லாதே.

குளிர்காலம் முடிந்ததிலிருந்து வாரம் மூன்று நாள் முடிதிருத்தும் பள்ளிக்குப் போய்ப் பழைய பாடத்தைப் புதுப்பித்துக்கொண்டேன். கூடப் படிக்கிற பெண்களுக்கு உன் வயதுகூட இல்லை. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை, சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை.  தோற்றுவிட்டால் இனி கிழமையின்மேல் பழிபோட முடியாது, அதுதான் பயம். இத்தனை வருஷமாக எனக்குத் திறமை இருந்தது, சட்டம்தான் இல்லை என்று சொல்லிக்கொண்டே வாழ்ந்துவிட்டேன், இப்போது சட்டம் இருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

நீ ராத்திரி முறை வேலை முடித்ததும் எதையாவது வறுத்துத் தின்னாமல் பீன்ஸ் வேகவைத்துச் சாப்பிடு. கையுறை வாங்கிக்கொள், போன தடவை அனுப்பிய படத்தில் விரலெல்லாம் வெடித்திருந்தது. அப்பா முத்தம் அனுப்புகிறார். கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, நீ இருக்கிற இடத்தில் வெளிச்சம் குறைந்த நாட்களிலும் உன்னை நிறைவாக வைப்பாராக.

ஒன்றை மறந்துவிடாதே. சட்டம் நிறைவேறிய அன்று நீ சித்தியைத்தான் முதலில் போனில் கூப்பிட்டாய். நான் பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன், உன் குரல் கேட்டது. இருபத்தைந்தாம் தேதி முடிவு வரும். பாஸோ பெயிலோ, முதலில் என்னைக் கூப்பிடு. அவளை அப்புறம் கூப்பிடலாம், ஒரு மணி நேரம் கழித்து.

என்றும் உன்மேல் உயிரான
அம்மா லுவெல்லா