மூன்றாம் பெட்டியின் புழுக்கள்

ஐப்பசி, திங்கள்
விடிந்ததிலிருந்து சாரல். ரப்பர் தோட்டத்துத் தேன்பெட்டிகளுக்குத் தகரம் மாற்றினேன். மூன்றாவதின் வாசலடியில் தேனீப் புழுக்கள், அரிசி சிந்தினாற்போல். எறும்பு மொய்த்தபடி. உள்ளிருந்து ஒரு தேனீ இன்னொரு புழுவை இழுத்துவந்து போட்டுவிட்டுப் போனது.

செவ்வாய்
மழை இல்லை. சிதறால் மலைப் பக்கம் மேக மூடாப்பு. தேனீ வளர்ப்புப் பயிற்சி தந்த மேடத்துக்குப் போன். பாக்டீரியா நோயாம். கிருமியைக் கொல்லும் சத்து புழுவின் உடம்பிலேயே சுரக்குமாம். தேனீக்கள் ஊட்டும் பாலிலும் உண்டாம்.
“ரெண்டும் தோத்துப்போனா புழுவுக்க வாசனை மாறும். உடனே வெளிய இழுத்துப் போட்டிரும். மத்ததுக்குப் பரவாம இருக்கதுக்கு.”
“உயிரோடயா மேடம்?”
“ஆமா. செத்தபொறவு எடுத்தா பிந்திப்போவும்.”
கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை.

புதன்
கீழே கிடந்த ஒரு புழு நெளிந்தது. நல்ல வெள்ளை, ஒரு குறையும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து, கோழி இறகால் எடுத்து அடையின் அறைக்குள் திரும்ப வைத்தேன். ஒரு தேனீ வந்தது. உணர்கொம்பால் தடவித் தடவிப் பார்த்தது. இழுத்துவந்து என் உள்ளங்கையில் போட்டது. மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே. ஒரு கொட்டுகூட இல்லை. கொட்டியிருக்கலாம்.
பின்னால் வீட்டுக்காரர். எவ்வளவு நேரமாக நின்றாரோ.
“என்ன செய்யுத ஏட்டி? விடு. அதுக்குத் தெரியும்.”

வியாழன்
பெட்டியில் காது வைத்துக் கேட்டேன். இரைச்சல் குறைவு. மற்றப் பெட்டிகளையாவது காக்க இதற்குத் தீ வைக்கலாம் என்கிறார் இவர். “கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

அடுத்த வாரம், சனி
வெயில். வாசலடியில் ஒன்றும் இல்லை. திறந்து பார்த்தோம். அறைகள் துடைத்துவிட்டாற்போல். புது முட்டைகள். மூடி போட்ட அறைகளும் நிறைய. பிழைத்துக்கொண்டது. இவருக்குச் சிரிப்பு. நான் அடையைப் பிடித்தபடி வாசலடியையே பார்த்தேன்.
போன வருடம் எனக்கு ஐந்தாம் மாதம். காய்ச்சல். பனிக்குடத்தில் கிருமி. பிள்ளையை எடுத்தால்தான் தாய் பிழைப்பாள் என்றார்களாம். நான் நினைவில்லாமல். சரி சொன்னது இவர். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. இன்று, அடையை இவர் கையில் கொடுக்கும்போது, வாயில் வந்துவிட்டது.
“பிள்ளைய ஒங்கள்ட்ட கொண்டு காட்டினப்ப, அழுதுதா?”
அடையை மெதுவாக உள்ளே இறக்கினார். மூடினார்.
“அழல. எனக்க வெரலப் பிடிச்சுது.”