தளபதியைத் திருப்பிய வசை

2025 பெப்ரவரி 1, சனி

உதயரூபன் வீட்டில் விளையாட்டு: மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை. எட்டு மாதமாக என் கேடயக்காரிக்கு ஒரே வேலை: "சீண்டுறன்" என்று சொல்லிப் பகடையை உருட்டுவது. சீண்டலைக் கேட்கும் எதிரி அடுத்த சுற்றில் அவளை மட்டுமே தாக்கவேண்டும் என்கிறது விதிப்புத்தகம். மற்றவர்கள் தப்பிவிடுவார்கள். எனக்குத் தோதான வேலை. வாய் திறக்கத் தேவையில்லை.

இன்று உதயரூபன் பகடைமேல் கையை வைத்துவிட்டான். கதையை நடத்துபவனும் அவன்தான், எதிரிகள் எல்லாரும் அவன்தான்.

"பொறுங்க. ஒங்கட ஆள் என்ன சொன்னா? ஒண்டும் சொல்லாட்டி அவன் என்னத்தக் கேக்கிற?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மறுபடியும் "சீண்டுறன்" என்றேன். எதிரித் தளபதி என்னைத் தாண்டிப்போய் நிஸ்றாவின் வைத்தியச்சியை வெட்டினான். அவளுக்கு உயிர்ப்புள்ளி இரண்டுதான் மீதி.

"பரவால்லகா" என்றாள் நிஸ்றா. 24ஆம் திகதி கணவனிடம் கட்டாருக்குப் போகிறாள். அதற்கு முன் அந்த வைத்தியச்சியைக் கோட்டைக்குள் உயிரோடு சேர்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. பரவாயில்லையாம்!

பெப்ரவரி 4, செவ்வாய்

விடுமுறை. விதியை மூன்று தரம் வாசித்தேன். நிஸ்றாவின் தம்பி றிப்ஷான் வில்லாளி. உதயரூபன் அவனை எழுந்து வில்லை வளைத்துக் காட்டச் சொன்னானா? எனக்கு மட்டும் ஏன்? உதயரூபனுக்கு இதையெல்லாம் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அவன் சொல்வது சரி என்றால்?

பெப்ரவரி 8, சனி

ஏழு வசைகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். "உன் முகம் கண்டால் கழுகும் பசி மறக்கும்" என்று ஆரம்பித்ததுமே றிப்ஷான், "அக்கா, தமிழ்த்தினப் போட்டியா?" என்றான்.

தளபதி கொட்டாவி விட்டான். நிஸ்றாவை நோக்கி வாளை வீசினான். பகடை புண்ணியத்தில் தப்பினாள். அடுத்த வாரமும் அப்படி விழுமா?

பெப்ரவரி 11, செவ்வாய்

ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து கொம்பிழுக்கும் கொம்புமுறி விளையாட்டில் பாடும் வசைகளைப் பற்றி வாசித்தேன். வடசேரி பாடினால் தென்சேரி சும்மா போகாது. ஏன்? கோபத்தாலா? இல்லை — தன் சேரி முழுவதும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பதால்.

நான் தளபதியின் காதுக்கு மட்டுமே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெப்ரவரி 15, சனி

தாள் கொண்டுபோகவில்லை. என் முறை வந்தது. உதயரூபனைப் பார்க்கவில்லை. படைவீரர் என்று மேசையில் அவன் அடுக்கியிருந்த போத்தல் மூடிகளைப் பார்த்துச் சொன்னேன்:

"டேய் பொடியனுகள், மூணு கிழமையா ஒங்கட தளபதி ஒரு மருந்துக்காரியத் துரத்துறாரு. அதுவும் முடியல்ல. கேடயத்தோட நிக்கிறவளுக்குக் கிட்ட வரக் காலு நடுங்குது. ராசா கேட்டா என்னண்டு சொல்லுவீங்க? எங்கட தளபதிக்குப் பஞ்சு கட்டுறவளப் பாத்தாத்தான் வீரம் வரும் எண்டா?"

நிஸ்றா வாயைப் பொத்திக்கொண்டாள். உதயரூபன் போத்தல் மூடிகளைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் திரும்பாட்டி நாளைக்கு ஒருத்தனும் அவன்ட சொல்லுக் கேக்கமாட்டான்" என்று தளபதியை என் பக்கம் திருப்பினான்.

மூன்று வெட்டு. மூன்றும் பட்டன. அதற்குள் வைத்தியச்சி கோட்டை வாசலைத் தாண்டிவிட்டாள்.

என் கேடயக்காரி செத்துப்போனாள். வீடு வரும்வரை சைக்கிளில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பெப்ரவரி 19, புதன்

தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது. சனிக்கிழமை அவ்வளவு சத்தமாகவா பேசினேன்?

பெப்ரவரி 22, சனி

நிஸ்றாவின் கடைசி ஆட்டம். சண்டை இல்லை. அவளுடைய வைத்தியச்சி என் கேடயக்காரியை ஆற்றங்கரையில் அடக்கம்பண்ண வேண்டும் என்று நின்றாள். நானும் மேசையில் இருந்து பார்த்தேன்.

நிஸ்றா எழுந்து நின்று, அழப்போகிறவள் மாதிரி ஆரம்பித்தாள். "இவ நல்லவ. எட்டு மாசம் வாயே தொறக்கல்ல. தொறந்த அண்டைக்கே மௌத்தாகிட்டா. இன்னொரு கிழமை பேசாம இருந்திருக்கலாம், அறிவில்லாதவ."

பதில் என் வாய்வரை வந்துவிட்டது. உதயரூபன் கையை உயர்த்தினான்.

"செத்த ஆள் கதைக்க ஏலாது."

கதைத்தேன்.